பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி: யார் கையில், எந்தத் தூரத்தில், எதற்காக?

விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் ஒரு காலத்தில் உரத் தட்டுப்பாடும் பயிர்க் கடனும்தான் முதலில் பேசப்படும். இன்று பல மாவட்டங்களில் அந்த இடத்தைக் காட்டுப்பன்றி பிடித்துக்கொண்டது. மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி, கரும்பு, வாழை, பால் பிடிக்கும் நெல் என எதையும் அது விடுவதில்லை. தின்பதைவிட உழுது போடுவதும் ஒடித்துத் தள்ளுவதும்தான் அதிகம். இரவுக் காவலுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால், 'எங்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள்' என்ற கோரிக்கை வலுத்துவருகிறது.

இந்தக் கோரிக்கையைக் கேலி செய்வதற்கில்லை. பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி என்பது நம் நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்ட ஒன்று. ஆனால், உரிமம் கையில் கிடைத்தாலே பன்றியைச் சுட்டுவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு, நம்பிச் செயல்பட்டால் சிறையில் கொண்டுபோய் விடும். எந்தத் துப்பாக்கி என்று கேட்பதற்கு முன்பு, சட்டம் எதை அனுமதிக்கிறது, துப்பாக்கியால் எவ்வளவு ஆகும், அதற்கு முன்பு செய்ய வேண்டியவை என்ன என்பவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு சட்டங்கள், இரண்டு அனுமதிகள்

துப்பாக்கி வைத்திருப்பது ஒரு சட்டத்தின் கீழ் வருகிறது. விலங்கைச் சுடுவது வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது. ஒன்றுக்கான அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது.

முதலாவது, 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்கிறது இதன் 13-வது பிரிவு. அந்தத் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வரியில்லாத வேறு குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். விண்ணப்பிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடம் விண்ணப்பம் செல்லும்; காவல் துறையின் அறிக்கைக்குப் பிறகே முடிவு வரும். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் வலியுறுத்துகின்றன. 2019-ல் வந்த திருத்தத்தின்படி உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதே திருத்தம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையையும் கூட்டியது. குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

இரண்டாவது, 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இதன் புதிய பட்டியல்களில் காட்டுப்பன்றி 2-வது அட்டவணையில் இருக்கிறது. அதாவது, அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ அது ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ கருதினால், காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் உத்தரவிட்டுச் சுட அனுமதிக்கலாம். இது 11-வது பிரிவு. அந்த உத்தரவு இல்லாமல் சொந்த வயலில், உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டாலும் அது வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஒரு விலக்கு உண்டு. தன்னையோ பிறரையோ காப்பதற்காக நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றமாகாது. இது பாய்ந்துவரும் விலங்கிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்வதற்கானது. கடலைக் கொல்லையைக் காப்பதற்கு இதைச் சாக்காகச் சொல்ல முடியாது. வேட்டைக்குப் போன இடத்தில் விலங்கு பாய்ந்தது என்றால் இந்த விலக்கு கிடைக்காது. எப்படிக் கொல்லப்பட்டாலும் அந்த உடல் அரசின் சொத்து. கறியைப் பங்கு போடுவது தனிக் குற்றம்.

யானை, சிறுத்தை, கரடி ஆகியவை 1-வது அட்டவணையில் உள்ளவை. இவற்றைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. பிடிக்கவோ மயக்க மருந்து செலுத்தவோ இடமாற்றவோ முடியாது என்ற நிலையில்தான் அதுவும். எனவே யானை வரும் ஊரில் பயிர்க் காவலுக்கான துப்பாக்கி எந்தப் பயனும் தராது. குழல் துப்பாக்கியின் சிதறுகுண்டு யானையை வீழ்த்தாது. காயப்பட்ட யானையை ஊருக்குள் திருப்பிவிடும்.

தமிழகம் ஒரு வழி, கேரளம் ஒரு வழி

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறை, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து தூரத்தைக் கணக்கில் கொள்கிறது. 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால், சுட வேண்டியவர்கள் வனத்துறையினர்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. காட்டின் ஓரத்தில் பன்றி என்பது புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கினால், பன்றியின் பெயரால் மானும் விழும். காட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, கண்மாய்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலப் புதர்களில் பிறந்து வளரும் பன்றிகளின் கதை வேறு. விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி போன்ற மாவட்டங்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். அங்கே பன்றியைத் தின்ன இரைகொல்லி விலங்கு எதுவும் இல்லை.

குறை எங்கே என்றால், வேகத்தில். பன்றிக் கூட்டம் ஒரு கடலைக் கொல்லையை ஒரே இரவில் முடித்துவிடும். மனு, கிராம அளவிலான பரிந்துரை, வனச்சரகரின் முடிவு, பயிற்சி பெற்ற பணியாளர் வருவது என்ற வரிசை ஒரே இரவில் முடியாது. வனக் கோட்டத்துக்குச் சுடும் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், வந்த மனுக்கள் எத்தனை, சுடப்பட்ட பன்றிகள் எத்தனை என்பதை மாவட்ட வாரியாக அரசு மாதந்தோறும் வெளியிட வேண்டும். அப்போதுதான் இந்த உத்தரவு வேலை செய்கிறதா என்று விவசாயிக்குத் தெரியும்.

கேரளம் 2022 மே மாதத்தில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. ஆபத்தான காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்களுக்கே கொடுத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களின் பட்டியலை உள்ளாட்சி வைத்திருக்கிறது; அவர்களை அழைத்துச் சுடச் சொல்கிறது. முடிவு ஊரிலேயே எடுக்கப்படுவதால் தாமதம் குறைவு. ஆனால், சுடத் தெரிந்த, உரிமம் உள்ள ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதால், அந்த வாரங்களில் சுட ஆள் கிடைப்பது அரிது.

கர்நாடகத்தின் குடகு இன்னொரு வகை. அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளும் விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. அந்த விலக்கும் துப்பாக்கி வைத்திருப்பதற்குத்தான், வேட்டையாட அல்ல. வீடுதோறும் துப்பாக்கி இருக்கும் குடகிலும் யானை, பன்றித் தொல்லை தீரவில்லை.

எந்தத் துப்பாக்கி எதற்கு உதவும்?

உரிமம் கேட்பவர்கள் கருவிகளின் வரம்பைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாட்டுத் துப்பாக்கி எனப்படும் வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி, ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். பனியிலும் மழையிலும் மருந்து நமத்துப்போகும். முதல் குண்டு தவறி, பன்றி காயத்துடன் திரும்பினால் சுட்டவர் கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்தான். உள்ளூர்ப் பட்டறையில் செய்த உரிமமில்லாத துப்பாக்கியில், குழல் வெடித்துக் கை போகும் ஆபத்தும் உண்டு. ஓசை எழுப்பி விரட்டுவதற்கு இது போதும்; பன்றியை உறுதியாக வீழ்த்துவதற்குப் போதாது.

12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியே பயிர்க் காவலுக்கு ஓரளவு பொருந்துவது. இரண்டு தோட்டாக்கள் அடுத்தடுத்துக் கிடைக்கும். பெரிய சிதறுகுண்டுத் தோட்டா சுமார் 30, 40 மீட்டர் வரைதான் நம்பகமாக வேலை செய்யும். பறவைக்கான சிறு சிதறுகுண்டுகளால் பன்றியைச் சுடுவது விலங்கை வதைப்பதாகும். தோளிலும் கழுத்திலும் தடித்த தோலும் கொழுப்பும் கொண்ட ஆண் பன்றி அதில் சாகாது. புண்பட்டுப் புதரில் கிடந்து, மறுநாள் களை எடுக்கப் போகும் பெண்கள் மீது பாயும்.

ரைஃபிள் துல்லியமானது. ஆனால், அதன் குண்டு இலக்கைத் தவறவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும். சமவெளியில், வயலுக்கு நடுவே வீடுகளும் கால்நடைக் கொட்டில்களும் இருக்கும் நம் ஊர்களில் அது மிகவும் ஆபத்து. பயிர்க் காவலுக்குச் சட்டம் வரியில்லாக் குழலை மட்டும் குறிப்பிடுவதில் பொருள் இருக்கிறது. ஏர்கன் என்கிற காற்றுத் துப்பாக்கி பன்றியைக் கொல்லாது, புண்ணாக்கும். அதுவும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான்.

எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் மாறாத விதிகள் சில உண்டு. அசையும் புதரையோ மின்னும் கண்ணையோ பார்த்துச் சுடக் கூடாது. முழு உருவமும் தெரிய வேண்டும். விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. பாறையும் கருங்கல் வேலியும் குண்டைத் திருப்பிவிடும். பரண் மீதிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறும் குண்டு மண்ணில் புதையும். குடித்திருப்பவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது. வீட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியே பூட்டப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து வயலில் காவலுக்குப் படுத்திருந்தவர் மீது குண்டு பாய்ந்தால், கவனக்குறைவால் மரணம் என்ற வழக்கு மட்டுமல்ல, ஒரு குடும்பமும் அழிகிறது.

சுட்டால் எண்ணிக்கை குறையுமா?

இதுதான் வேளாண் நோக்கில் முக்கியமான கேள்வி. காட்டுப்பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 4 மாதம். ஒரு ஈற்றில் பெரும்பாலும் 4 முதல் 6 குட்டிகள். உணவு நன்றாகக் கிடைத்தால் ஓராண்டு வயதிலேயே பெட்டை சினைக்கு வந்துவிடும். மக்காச்சோளமும் மரவள்ளியும் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் இடத்தில் உணவுக்குக் குறைவில்லை.

ஜெர்மனியில் பயிற்சி பெற்ற வேட்டைக்காரர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே 2019-20 வேட்டைப் பருவத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமான காட்டுப்பன்றிகள் சுடப்பட்டன. ஆனாலும், பன்றிச் சேதம் அங்கே ஓயவில்லை. நம் ஊரில் மாதத்துக்கு ஒன்றிரண்டைச் சுடுவது கோபத்தை ஆற்றலாம், எண்ணிக்கையைக் குறைக்காது.

எதைச் சுடுகிறோம் என்பதும் முக்கியம். பன்றிக் கூட்டம் என்பது தாய்களும் குட்டிகளும் கொண்டது. பெரிய ஆண் பன்றி தனியே திரியும். பரணிலிருந்து எளிதாகச் சிக்குவது அந்தத் தனி ஆண்தான். அதைச் சுட்டால் பெருக்கம் குறையாது. கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி அடுத்த ஊருக்குப் போகும். சில நாளில் திரும்பும். அமெரிக்காவில் காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்துபவர்கள், பெரிய பட்டி அமைத்து, பல நாள் தீனி வைத்துப் பழக்கி, முழுக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் அடைப்பதையே விரும்புகிறார்கள். வனத்துறையின் மேற்பார்வையில் கண்மாய் ஓர ஊர்களில் இதைச் செய்துபார்க்கலாம்.

2015-16-ல் பிஹார், உத்தராகண்ட் மாநிலங்களின் சில பகுதிகளில் காட்டுப்பன்றியைத் தீங்குயிராக மத்திய அரசு அறிவித்தது. பிஹாரில் நீலான் மானுக்கும் அந்த அறிவிப்பு இருந்தது. வெளியூரிலிருந்து வரவழைத்த துப்பாக்கிக்காரர்கள் மோகாமா பகுதியில் நூற்றுக்கணக்கான நீலான்களைச் சுட்டபோது நாடு தழுவிய சர்ச்சை எழுந்தது. ஓரிடத்தில், ஒரு காலத்துக்கு மட்டும் செல்லும் அத்தகைய அறிவிப்பு அவசர மருந்து போன்றது. புதரும் தீனியும் அப்படியே இருந்தால் நோய் திரும்பிவிடும்.

துப்பாக்கியைவிட மோசமானவை

உரிமத் துப்பாக்கி கிடைக்காத ஆத்திரத்தில் விவசாயி நாடும் வழிகள்தான் உண்மையில் அச்சமூட்டுகின்றன. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது முதலாவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. நிலத்தின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இத்தகைய கம்பிகளில் மனிதர்களும் சாகிறார்கள். பல நேரம் கம்பியைக் கட்டியவரே. இரண்டாவது, அவுட்டுக்காய். பழத்தில் பொதிந்த வெடியைப் பன்றிக்காக வைத்தால், அதைக் கடிப்பது யானைக் குட்டியாகவோ மேய்ச்சல் பசுவாகவோ இருக்கலாம். வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பல நாள் பட்டினியில் சாகும்.

சூரிய மின்வேலியும் கள்ள மின்வேலியும் ஒன்றல்ல. முறையான மின்வேலிக் கருவி, சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு மட்டும் நீடிக்கும் அதிர்வை, நொடிக்கு ஒரு முறை அனுப்பும். சுள்ளென்று அடிக்கும், கொல்லாது. 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி இவ்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும். வேளாண் பொறியியல் துறை மானியமும் தருகிறது. பன்றிக்கு வேலி போடுபவர்கள் செய்யும் பிழை, அடிக்கம்பியை உயரத்தில் கட்டுவது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதல் கம்பி, அதற்கு மேல் ஒரு முழ உயரத்தில் இரண்டாவது என்று இருந்தால்தான் மண்ணை முகர்ந்தபடி வரும் மூக்கில் படும். கம்பியில் களை தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். வாரம் ஒரு முறை வேலியடியைச் செதுக்க வேண்டும்.

பன்றிக்குக் கண் பார்வை சுமார்; மோப்பம் அபாரம். நிலக்கடலை, மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு வரிசைகளை நெருக்கமாக நடுவது, வாடையைக் குழப்பி நுழைவைக் குறைக்கும். எந்த வாடை விரட்டியானாலும் ஒரே முறையைத் தொடர்ந்து வைத்தால் பன்றி பழகிவிடும்; மாற்றிமாற்றி வைக்க வேண்டும். ஒரே ஊரில் நாலு பேர் மட்டும் வேலி போட்டால் ஐந்தாமவர் வயல்தான் அழியும் என்பதால், பத்து இருபது விவசாயிகள் சேர்ந்து சுற்றுவேலி போடுவதே சிக்கனம். கண்மாயின் கருவேலப் புதரை அகற்றுவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. அதை விவசாயி தனியாகச் செய்ய முடியாது. நீர்வளத் துறையும் ஊராட்சியும் செய்ய வேண்டும்.

யானை வரும் ஊர்களுக்கு வால்பாறை நல்ல முன்மாதிரி. யானைக் கூட்டம் இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் எச்சரிக்கை விளக்குகளாலும் முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு அங்கே பல ஆண்டுகளாக நடைபெறுகிறது. துப்பாக்கி காக்க முடியாத உயிர்களை ஒரு தகவல் காக்கிறது.

இழப்பீட்டில் ஒரு புதிய வாசல்

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து நடைமுறை. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியுடன் கூடிய படங்களைக் காப்பீட்டுச் செயலியில் பதிவேற்ற வேண்டும். எந்தெந்த விலங்குகள், எந்தெந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் காட்டுப்பன்றி, யானை, மயில், குரங்கு ஆகிய நான்கும் இடம்பெறுவதைத் தமிழக விவசாய அமைப்புகள் இப்போதே வலியுறுத்த வேண்டும். இழப்பீடு உறுதியானால் கள்ளக் கம்பி கட்டும் கைகள் குறையும்.

துப்பாக்கி உரிமத்தைப் பொறுத்தவரை இரண்டு கோரிக்கைகள் நியாயமானவை. ஒன்று, பயிர்ப் பாதுகாப்பு உரிம விண்ணப்பங்களை ஆண்டுக் கணக்கில் கிடப்பில் போடாமல், ஏற்கவோ காரணத்துடன் மறுக்கவோ வேண்டும். இரண்டு, 3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களில், வனத்துறையின் மேற்பார்வையில் செயல்படும் பயிற்சி பெற்ற உரிமதாரர் குழு ஒன்றை ஒன்றியம்தோறும் அமைக்கலாம். எல்லோர் வீட்டிலும் துப்பாக்கி என்பதைவிட, அழைத்தால் வரும் நான்கு தேர்ந்த கைகள் என்பது பாதுகாப்பானது.

அதுவரை விவசாயி செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேதம் நடந்த பிறகு மனு கொடுப்பதைவிட, விதைக்கும்போதே கொடுங்கள். நிலக்கடலைக்கு விதைத்த முதல் வாரமும், காய் திரளும் 60-வது நாளுக்குப் பிந்தைய வாரங்களும், மக்காச்சோளத்துக்குக் கதிர் பால் பிடிக்கும் நாட்களும்தான் ஆபத்தானவை. அந்தத் தேதிகளை மனுவில் எழுதுங்கள். கால்தடம், உழுத இடம் ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து இணையுங்கள். காட்டின் எல்லையிலிருந்து உங்கள் வயலின் தூரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கி வையுங்கள். ஊரே சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் அதைத் தள்ளிவைப்பது கடினம்.